கைமாறிய ரிவால்வரும் இரண்டு தொழிற்சாலைப் பயணங்களும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் கவுண்டர் வேலை பார்க்கிறேன். 2023-ல் எங்கள் கடைக்கு வந்த ஒரு பழைய ரிவால்வரின் கதை இது. சம்பந்தப்பட்டவர்களின் பெயரை எழுதவில்லை. தயாரித்த நிறுவனத்தின் பெயரையும் விட்டுவிடுகிறேன். பழைய கைத்துப்பாக்கி வாங்கியவர்களுக்கு வேறு எந்த நிறுவனத்திடமும் இதே அனுபவம் நேரலாம்.

உரிமையாளர் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற 63 வயது அம்மா. தனியாக வசிப்பவர். அந்த வருஷம் மார்ச்சில் பக்கத்து ஊர் அடகுக் கடையில், வழக்கமான படிவமும் பின்னணிச் சரிபார்ப்பும் முடித்து, 340 டாலருக்கு ஒரு ரிவால்வர் வாங்கியிருந்தார். ஆறு தோட்டா, நான்கு அங்குல பேரல், 1980-களின் பிற்பகுதியில் செய்தது. கடையில் இருந்த ஐந்தாறு துப்பாக்கிகளில் அவர் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், டிரிகர் இலேசாக இருந்தது. அவருக்கு விரல் மூட்டுகளில் வாதம். மற்றவற்றை அவரால் முழுவதும் இழுக்கவே முடியவில்லை. இந்தக் காரணத்தை அவர் முதல் நாளே எங்களிடம் சொன்னார். நான் அதைக் காதில் வாங்கினேன், சீட்டில் எழுதவில்லை. கடைசியில் எல்லாம் அங்கேதான் வந்து நின்றது.

முதலில் கண்டது

ஏப்ரலில் மருமகனோடு சுடுதளத்துக்குப் போயிருக்கிறார். இரண்டாவது சுற்றில், பக்கத்தில் நின்ற மருமகன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார். ஊசி குத்தியது போல ஒரு பொட்டு இரத்தம். கண்காப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் அதோடு போயிற்று. மறுநாள் அம்மா துப்பாக்கியோடு எங்கள் கடைக்கு வந்தார்.

ரிவால்வரில் ஏன் இப்படி நடக்கிறது என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும், தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளையான சிலிண்டர் ஓர் அறை நகர்ந்து, பேரலுக்கு நேராக வந்து, ஒரு சிறு எஃகு நாக்கு பள்ளத்தில் விழுந்து பூட்டிக்கொள்ள வேண்டும். சிலிண்டரைத் தள்ளுவது 'ஹேண்ட்' என்கிற விரல் போன்ற பாகம். அது தேய்ந்தாலோ யாராவது அரத்தால் ராவியிருந்தாலோ சிலிண்டர் மயிரிழை முன்னதாகவே நின்றுவிடும். அறையிலிருந்து கிளம்பும் குண்டு பேரலின் வாயில் ஓரமாக இடிக்கும். சீவப்பட்ட ஈயத் துணுக்கு, சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவிலுள்ள இடுக்கு வழியாகப் பக்கவாட்டில் தெறிக்கும். சுடுகிறவரைவிடப் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் அபாயம் அதிகம். டைமிங் போய்விட்டது என்று தொழிலில் சொல்வது இதைத்தான்.

அன்று நான் செய்த சோதனை தவறானது. துப்பாக்கி காலி என்று உறுதி செய்துகொண்டு, ஹேமரை (தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் சுத்தியல் போன்ற பாகம்) ஆறு முறை சட்சட்டென்று இழுத்துப் பார்த்தேன். ஆறு அறையும் பூட்டின. இடுக்கின் அளவும் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஆறு பங்கு என்று சரியாகவே இருந்தது. 'பார்வைக்கு ஒன்றும் இல்லை, தொழிற்சாலைக்கு அனுப்பிவிடலாம்' என்றேன். வேகமாக இழுத்தால் சிலிண்டர் தன் வேகத்திலேயே மீதித் தூரத்தைக் கடந்து பூட்டிக்கொள்ளும், குறை மறைந்துவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்குக் கை அந்தப் பழக்கத்தில் போய்விட்டது.

தொழிற்சாலைக்கு முதல் பயணம்

கூட்டாட்சிச் சட்டப்படி, ஒருவர் தன் துப்பாக்கியைப் பழுது பார்க்க உரிமம் பெற்ற நிறுவனத்துக்கு நேரடியாக அனுப்பலாம். நிறுவனமும் நேராக அவர் வீட்டுக்கே திருப்பி அனுப்பலாம். ஆனால் சட்டம் அனுமதிப்பது வேறு, பெட்டியை யார் வாங்கிக்கொள்வார் என்பது வேறு. 1927-ல் வந்த சட்டத்தைக் காட்டி அஞ்சலகம் தனிநபரின் கைத்துப்பாக்கியை வாங்கவில்லை. பெரிய கூரியர் நிறுவனங்களும் உரிமதாரர்களிடம் மட்டுமே வாங்கின. நிறுவனமே முன்பணம் கட்டிய ஒட்டுச் சீட்டு அனுப்பினால் உண்டு, இல்லையென்றால் எங்களைப் போன்ற கடை வழியாகத்தான். ஆகவே பதிவேட்டில் வரவு எழுதி நாங்களே அனுப்பினோம்.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தபோது கேட்ட முதல் கேள்வி, 'நீங்கள் முதல் உரிமையாளரா?' இல்லை என்றதும் குரலில் மரியாதை குறையவில்லை, வழி மட்டும் மாறியது. வாழ்நாள் உத்தரவாதம் இவருக்குக் கிடையாது, பரிசோதித்த பிறகு செலவு சொல்வோம் என்றார்கள்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பழைய துப்பாக்கி வாங்குகிற பலர் 'வாழ்நாள் உத்தரவாதம்' என்ற சொல்லைத் துப்பாக்கியின் வாழ்நாள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பல நிறுவனங்களின் தாளில் அது முதலில் வாங்கியவரின் வாழ்நாள். 1975-ல் வந்த மாக்னுசன்-மாஸ் சட்டப்படி, 'முழு' உத்தரவாதம் என்று தலைப்பிட்டால் இடையில் கைமாறினாலும் அந்தக் காலம் முடியும்வரை இருக்கிற உரிமையாளருக்கு அது செல்லும். 'வரையறுக்கப்பட்ட' என்று போட்டால் முதல் ஆளோடு நிறுத்திக்கொள்ளலாம். உத்தரவாதம் கொடுத்தே ஆக வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்லவில்லை. அமெரிக்கத் துப்பாக்கித் தயாரிப்பாளரான ருகர் நிறுவனம் எழுத்தில் உத்தரவாத அட்டையே வைப்பதில்லை. ஆனாலும் அதே நிறுவனம் 1953 முதல் 1972 வரை செய்த தன் பழைய, ஒவ்வொரு முறையும் ஹேமரைக் கையால் பின்னிழுத்துச் சுட வேண்டிய சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்களுக்கு, கீழே விழுந்தால் வெடிக்காமல் தடுக்கும் பாகத்தை 1982 முதல் இலவசமாகப் பொருத்தித் தருகிறது. எத்தனை கை மாறியது என்று பார்ப்பதில்லை. நான் மதிக்கும் நடைமுறை அது. ஆளுக்குக் காயம் உண்டாக்கக்கூடிய குறை என்றால், தயாரித்தவரின் பொறுப்பு துப்பாக்கியில் பொறித்த எண்ணோடு போக வேண்டும், ரசீதோடு போகக் கூடாது என்பதே என் கருத்து.

அமெரிக்காவில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1972-ல் உருவான நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அதிகாரத்திலிருந்து துப்பாக்கிகளை விலக்கி வைத்துவிட்டார்கள். ரொட்டி சுடும் கருவியில் கோளாறு என்றால் அரசு திரும்பப் பெறச் சொல்லலாம். துப்பாக்கிக்கு அப்படி உத்தரவு போட அந்த ஆணையத்தால் முடியாது. திரும்பப் பெறுவதெல்லாம் நிறுவனமாக முன்வந்து செய்வதுதான். ஆகவே வாடிக்கையாளர் சேவை மேசையில் உட்கார்ந்திருப்பவரின் காதுதான் கிட்டத்தட்ட கடைசிக் கதவு.

அந்தக் காதுக்கு நான் அனுப்பியது ஒரே ஒரு வரி: 'சுடும்போது துணுக்கு தெறிக்கிறது, பார்க்கவும்.'

ஏழு வாரம் கழித்து ரிவால்வர் திரும்பி வந்தது. சீட்டில் 'பரிசோதிக்கப்பட்டது, சுட்டுப் பார்க்கப்பட்டது, அளவுகளுக்கு உட்பட்டுள்ளது' என்று இருந்தது. பழுதுக் கட்டணம் இல்லை. பழுது பார்த்துத் திரும்பும் துப்பாக்கியை அதே உரிமையாளரிடம் கொடுக்க மறுபடி படிவமும் தேவையில்லை. அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மறுபடியும்

ஜூன் கடைசியில் அவர் மீண்டும் சுடப்போனார். இந்த முறை பக்கத்தில் யாரையும் நிற்க விடவில்லை. ஒன்பதாவது தோட்டாவில் இடது புறத் தடுப்புப் பலகையில் டக் என்று ஏதோ பட்டது. அன்று மாலை கடைக்கு வந்தவர் கோபப்படவில்லை. 'அவர்கள் சரி என்று சொன்னதால் நான் நம்பிச் சுட்டேன்' என்று மட்டும் சொன்னார். அந்த வாக்கியம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அன்று எங்கள் மூத்த மெக்கானிக் இருந்தார். நாற்பது வருஷமாக இந்த வேலை பார்ப்பவர். சிலிண்டரைத் திறந்து காலி அறைகளை இரண்டு முறை பார்த்தார், விரலை விட்டும் தடவினார். பிறகு இடது கைக் கட்டைவிரலைச் சிலிண்டர் மேல் மெல்ல, ஒரு பூனைக்குட்டி மேல் வைப்பது போல வைத்துக்கொண்டு, வலது கையால் ஹேமரை மிக மெதுவாக இழுத்தார். க்ளிக், அப்புறம் இன்னொரு க்ளிக். முதல் அறை பூட்டியது. இரண்டும் பூட்டியது. மூன்றாவதில் ஹேமர் முழுக்க நின்றுவிட்டது, அந்த இரண்டாவது ஓசை வரவில்லை. சிலிண்டரை விரலால் தொட்டார். கடுகளவு நகர்ந்து அப்போதுதான் பூட்டியது. நான்காவதும் அப்படியே. மார்க்கர் பேனாவால் அந்த இரண்டு அறைக்கும் பக்கத்தில் புள்ளி வைத்தார்.

அம்மா சுட்ட வெற்றுக் கூடுகளைப் பையில் கொண்டு வந்திருந்தார். மேசை விளக்கில் புரட்டிப் பார்த்தோம். சிலவற்றில், பின்புறம் ஹேமரின் அடி விழும் சிறு பொட்டான பிரைமர் மேல் விழுந்த குழி நடுவில் இல்லாமல் ஓரமாக ஒதுங்கியிருந்தது. மறுநாள் கடையின் பின்புறச் சுடுதளத்தில் துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து, இடுக்குக்கு இருபுறமும் வெள்ளை அட்டை நிறுத்திச் சுட்டோம். நல்ல அறைகளில் அட்டையில் புகைக் கறுப்பு மட்டும் படிந்தது. புள்ளி வைத்த அறைகளில் அட்டையைக் கிழித்துக்கொண்டு ஈயம் ஒட்டியிருந்தது.

பக்கத் தகட்டைக் கழற்றியபோது கதை முழுதும் தெரிந்தது. முன்பிருந்த யாரோ டிரிகரை இலேசாக்க ஸ்பிரிங்கை வெட்டியிருந்தார், இன்னொன்றை வேறு ஸ்பிரிங்காக மாற்றியிருந்தார், ஹேண்டின் நுனியை ராவியிருந்தார். அம்மாவுக்குப் பிடித்துப்போன அந்த இலேசான டிரிகரும், மருமகன் கன்னத்தில் வந்த காயமும் ஒரே கை செய்த வேலை.

யாரிடம் கொடுப்பது

எங்கள் மெக்கானிக்கே புது ஹேண்ட் பொருத்தி 120 டாலருக்குள் முடித்துத் தருவதாகச் சொன்னார். எனக்கும் அதுவே நல்லதாகப் பட்டது. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. 'அவர்கள் பெயர்தான் இதன் மேல் இருக்கிறது. சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்ததும் அவர்கள்தான். அவர்களே பார்க்கட்டும்' என்றார். முதலாளியும் நானும் யோசித்துப் பார்த்தோம். அந்த மாடலின் பாகங்களில் சிலவற்றை நிறுவனம் வெளியே விற்பதில்லை. தவிர, முதல் சீட்டில் எழுதியது தவறு என்பது அவர்கள் பதிவிலும் ஏற வேண்டும். அந்த எண்ணுள்ள துப்பாக்கி நாளைக்கு வேறொருவர் கைக்குப் போகும். மறுபடி அனுப்புவதென்று முடிவு செய்தோம்.

இந்த முறை கடிதம் ஒரு முழுப் பக்கம். எந்த அறை, எந்த வேகத்தில் இழுத்தால், எப்போது பூட்டவில்லை என்று எழுதினோம். எத்தனையாவது தோட்டாவில் தெறித்தது, எந்தத் தோட்டா, அட்டைகளின் படம், அறை எண் எழுதிய வெற்றுக் கூடுகள், முதல் சீட்டின் நகல் எல்லாம் வைத்தோம். உயிருள்ள தோட்டா ஒன்றுகூட இல்லை என்று இரண்டு பேர் பார்த்த பிறகே பெட்டியை ஒட்டினோம். உள்ளே முன்னவர் செய்த மாற்றங்களையும் மறைக்காமல் எழுதினோம். அதை மறைத்தால் செலவு குறையுமோ என்று ஒரு பேச்சு எழுந்தது உண்மை. ஆனால் திறந்த ஐந்தாவது நிமிடம் அவர்களுக்கே தெரிந்துவிடும், அதற்கப்புறம் கடிதத்தில் உள்ள மற்ற எதையும் நம்பமாட்டார்கள்.

பெட்டி போய்ச் சேர்ந்ததும் போன் செய்து மேற்பார்வையாளரைக் கேட்டேன். பொறுமையாகப் பேசினார். முதல் முறை மேசைக்குப் போன குறிப்பில் 'தெறிக்கிறது' என்ற ஒரு சொல்தான் இருந்ததாம். ஆறு தோட்டா சுட்டிருக்கிறார்கள், எதுவும் தெறிக்கவில்லை, அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மெதுவாக இழுத்துப் பார்த்திருக்க வேண்டும். நான் அதை எழுதியிருக்கவும் வேண்டும். இரண்டும் சேர்ந்துதான் அந்த ஏழு வாரம் வீணாயிற்று.

எஸ்டிமேட் பத்து நாளில் வந்தது, 185 டாலர். தொழிற்சாலை அளவுக்கு எல்லாவற்றையும் மாற்றுவோம், அல்லது ஒன்றும் செய்யாமல் 'பாதுகாப்பற்றது' என்று குறித்துத் திருப்பி அனுப்புவோம், நடுவில் வேறு வழியில்லை என்றார்கள். தாங்கள் செய்யாத மாற்றத்தைத் தங்கள் பெயரில் வெளியே விடமாட்டோம் என்ற நிலை எனக்கு நியாயமாகவே தெரிகிறது. அம்மா கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வந்தது

ஆகஸ்டு மூன்றாம் வாரம் வந்தது. மூத்த மெக்கானிக் அதே கட்டைவிரலை வைத்து மெதுவாக இழுத்தார். ஆறு அறையும் ஹேமர் நிற்பதற்கு முன்பே பூட்டின. 24 தோட்டா சுட்டோம், அட்டை சுத்தம். தொழில் முறையில் குறை சொல்ல முடியாத வேலை. சீட்டில் மாற்றிய பாகம் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுதியிருந்தது, யார் சோதித்தார் என்ற குறியெழுத்துகளும் இருந்தன.

அம்மா வந்தார். காலித் துப்பாக்கியை வாங்கி இலக்குப் பக்கம் நீட்டி டிரிகரை இழுத்தார். பாதியில் நின்றது. இரண்டு கையாலும் பிடித்து மறுபடி இழுத்தார். கை நடுங்கியதே தவிர ஹேமர் விழவில்லை. கழற்றுவதற்கு முன்பு மெக்கானிக் எடுத்து வைத்திருந்த டிரிகர் எடை, அதாவது அதை இழுக்கத் தேவைப்படும் விசை, எட்டு பவுண்டு. இப்போது பன்னிரண்டரை. டிரிகரை இழுத்தாலே ஹேமர் பின்னால் போய் விழுகிற ஒரு டபுள் ஆக்‌ஷன் ரிவால்வருக்கு அது சாதாரண எடைதான், எந்தக் குறையும் இல்லை. அவருடைய விரலுக்கு மட்டும் அது ஆகாது. விரலைத் தேய்த்துக்கொண்டு, 'இதை யாரும் என்னிடம் கேட்கவில்லையே' என்றார். சொல்லியிருந்தார். எழுதி வைக்காதது நான்.

பழைய பாகங்கள்

கழற்றிய ஸ்பிரிங்குகள் பெட்டியில் இல்லை. அவற்றை வைத்து எதுவும் செய்யும் எண்ணம் எங்களுக்கு இல்லை. ஆனால் அவை அவர் காசு கொடுத்து வாங்கிய பொருள், என்ன ஆயிற்று என்று கேட்க உரிமை உண்டு. போன் செய்தோம். தங்கள் தயாரிப்பல்லாத பாகங்களைக் கழற்றினால் அழித்துவிடுவது நடைமுறை, படிவத்தில் இருக்கிறது என்றார்கள். எடுத்துப் பார்த்தோம், நான்காவது பத்தியில் இருந்தது. அம்மா கையெழுத்துப் போட்டபோது நாங்கள் அந்தப் பத்தியை அவரோடு சேர்ந்து படிக்கவில்லை. முன்பு சொன்ன ருகரின் மாற்றத்தில், கழற்றிய பழைய பாகங்களையும் உரிமையாளருக்கே திருப்பி அனுப்புகிறார்கள். அப்படிச் செய்ய முடியும் என்பதற்கு அது ஒரு சான்று. இதை எழுதி நிறுவனத்துக்கு அனுப்பினோம். கருத்துக்கு நன்றி என்று இரண்டு வரி வந்தது.

முடிவு

சில வாரம் ஹேமரைக் கட்டைவிரலால் பின்னிழுத்து, சிங்கிள் ஆக்‌ஷனாகச் சுட்டுப் பார்த்தார். அப்படிச் சுட்டால் டிரிகர் இலேசுதான். ஆனால் வாதம் உள்ள கட்டைவிரலுக்கு ஒவ்வொரு முறையும் ஹேமரை இழுப்பதும், சுடாமல் அதை மெல்ல இறக்குவதும் நம்பகமான வேலை இல்லை. இறக்கும்போது வழுக்கினால் வெடிக்கும். அவரே அதைச் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

அக்டோபரில் எங்கள் கடையிலேயே விற்றுவிட்டார். முதலாளி 300 டாலர் கொடுத்தார். அடகுக் கடை விலை, இரண்டு முறை அனுப்பிய செலவு, பழுதுக் கட்டணம் எல்லாம் கூட்டினால் அம்மாவுக்கு நல்ல நஷ்டம். முதல் முறைப் போக்குவரத்துச் செலவை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். அந்த ஒற்றை வரிக் குறிப்பு எங்களுடையது. இப்போது அவர் .22 பிஸ்டல் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பழகுகிறார், விரலுக்கு ஒத்துவருகிறது.

இப்போது மாற்றிக்கொண்டது

பழைய ரிவால்வர் எது உள்ளே வந்தாலும் மெதுவாக இழுக்கும் சோதனை இல்லாமல் கவுண்டரைத் தாண்டுவதில்லை. தொழிற்சாலைக்கு அனுப்பும் சீட்டில் உரிமையாளரின் கையைப் பற்றி ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: டிரிகர் எடை இப்போது எவ்வளவு, பழுதுக்குப் பின் கூடினால் இவரால் இழுக்க முடியுமா. முடியாது என்றால் பெட்டி கட்டுவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். அந்த அம்மாவிடம் ஏப்ரலிலேயே பேசியிருந்தால், 185 டாலர் செலவழிக்காமல் அந்தத் துப்பாக்கியை விட்டிருப்பார். படிவத்தைக் கையெழுத்துக்கு முன் உரக்கப் படிக்கிறோம். கழற்றும் பாகங்களைத் திருப்பித் தருவீர்களா என்று எழுத்தில் கேட்கிறோம். சில நிறுவனங்கள் தருகின்றன, சில மறுக்கின்றன. எதுவானாலும் உரிமையாளருக்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

அடகுக் கடைக்காரரிடமும் பேசினோம். திருட்டுப் பொருளா, எண் அழிந்திருக்கிறதா என்று பார்ப்பதோடு தன் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தார். மூத்த மெக்கானிக் ஒரு மதியம் அங்கே போய் அவர் அலமாரியில் இருந்த ரிவால்வர்களை ஒவ்வொன்றாக எடுத்து, கட்டைவிரலை வைத்து மெதுவாக இழுத்துக் காட்டினார்.

அம்மாவின் ரிவால்வர் நவம்பரில் போயிற்று. வாங்கியவருக்கு முப்பது வயது இருக்கும். இரண்டு வேலைச் சீட்டுகளையும் கடித நகலையும் உறையில் போட்டுக் கொடுத்தோம். 'சரியான துப்பாக்கிக்கு எதற்கு இரண்டு சீட்டு?' என்று கேட்டார். உட்கார வைத்து முழுவதும் சொன்னேன். பிறகு காலித் துப்பாக்கியை அவர் கையில் கொடுத்து, மூன்றாவது அறையையும் நான்காவதையும் மெதுவாக இழுத்துப் பார்க்கச் சொன்னேன்.